பள்ளிக்கரணையை ஆழப்படுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பூநாரைகள் கூட்டமாக இறங்கியிருக்கும் செய்தியும் படமும் தங்கள் நாளிதழில் வெளிவந்ததைக் கண்டு மகிழ்ந்த வாசகர்களில் நானும் ஒருவன். துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் செல்லும் ரேடியல் சாலையின் ஓரத்தில், மாலை நேரத்தில் இருசக்கர வாகனங்களை நிறுத்திவிட்டுக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டும் பெற்றோரை இப்போது நாள்தோறும் பார்க்க முடிகிறது. இந்த ஆர்வம் பெருகட்டும். அதே சமயம், அந்தப் பறவைகள் எந்தக் காரணத்தால் அங்கே வந்து நிற்கின்றனவோ அந்தக் காரணத்தையே நல்லெண்ணத்தோடு அழித்துவிடக் கூடிய ஒரு யோசனை, ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் நம்மிடையே எழுந்துகொண்டிருக்கிறது. சதுப்பு நிலத்தைத் தோண்டி ஆழப்படுத்தி, அதிக நீரைத் தேக்க வேண்டும் என்பதே அந்த யோசனை. அது ஏன் தவறு என்பதை இந்தப் பருவத்தில் அங்கே காணக் கிடைத்த பறவைகளையே சான்றாகக் கொண்டு விளக்கத் தங்கள் பத்தியில் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மாசி மாதம் முடியும் தறுவாயில் சதுப்பின் நீர் மெல்ல வடிந்து, நடுவில் நீரும் விளிம்பில் ஈரச் சேறுமாக அது பல அடுக்குகளாகப் பிரிந்து கிடக்கிறது. நீர் சற்று ஆழமாக உள்ள பகுதிகளில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் மீன் பிடிக்கின்றன. முக்குளிப்பான்கள் மூழ்கி எழுகின்றன. அதைவிட ஆழம் குறைந்த இடத்தில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் தலையைக் கீழே செலுத்தி, வாலை வானத்தை நோக்கி நிமிர்த்தி இரை தேடுகின்றன. அடுத்து பூநாரைகளும், பவளக்காலி என்று நாம் அழைக்கும் நெடுங்கால் உள்ளான்களும். அவற்றுக்கும் அப்பால், நீர் கணுக்காலைக்கூட மறைக்காத சேற்றுப் பரப்பில் கருவால் மூக்கன், பொறி உள்ளான், பேதை உள்ளான், குருவி அளவே உள்ள கொசு உள்ளான் என்று வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள் பரவி நிற்கின்றன. ஆகாயத்தாமரை இலைகளின் மீது இலைக்கோழிகள் நடக்கின்றன. சம்புப் புதர்களின் ஓரத்தில் நீலத் தாழைக்கோழிகள் மேய்கின்றன. பழுப்பு அரிவாள்மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து வேறிடத்தில் இறங்குகின்றன. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தால் போதும், அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பி, சற்று நேரத்தில் மீண்டும் அவையவை தத்தம் அடுக்கிலேயே வந்து அமர்கின்றன.

அவை அப்படித் தத்தம் இடத்துக்கே திரும்புவது தற்செயலாக நடப்பதன்று. ஒவ்வொரு நீர்ப்பறவைக்கும் அதன் காலின் நீளமும் அலகின் அமைப்பும் ஓர் ஆழத்தை விதித்திருக்கின்றன. கொசு உள்ளானுக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைந்த நீர் இருந்தாக வேண்டும். அதற்கு மிகவும் மேலே போனால் அதனால் நின்று மேய இயலாது. பவளக்காலி ஒரு சாண் நீர் வரை இறங்கும். தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் வாத்துகளின் கழுத்து எட்டும் தூரம் ஏறத்தாழ ஓர் அடிதான். அதற்குக் கீழே விதையும் புழுவும் எவ்வளவு கிடந்தாலும் அவற்றுக்கு அது எட்டாக்கனி. மிக நீண்ட கால்களைக் கொண்ட பூநாரைகூட முழங்கால் அளவு நீரில்தான் நிம்மதியாக மேயும். பள்ளிக்கரணைக்கு வரும் பறவை வகைகளில் மிகப் பெரும்பான்மையானவை இரண்டடிக்கும் குறைந்த நீரை நம்பியே வாழ்பவை. ஆழமான நீர் தேவைப்படும் கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் சென்னையைச் சுற்றி எத்தனையோ ஏரிகள் உண்டு. ஆனால் சேற்றில் மேயும் உள்ளானுக்கு இந்த மாநகரின் தெற்கில் பள்ளிக்கரணையையும் அதை ஒட்டிய பெரும்பாக்கம் சதுப்பையும் விட்டால் வேறு இடங்கள் மிகக் குறைவே.

பூநாரை மேய்வதைச் சில நிமிடங்கள் நின்று கவனிப்பவர்களுக்கு இது தெளிவாகப் புரியும். அது நின்ற இடத்திலேயே இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்குகிறது. பின்னர் தலையை முழுவதும் தலைகீழாகத் திருப்பி, மேலலகு கீழே வருமாறு நீரில் வைத்து, நாக்கை முன்னும் பின்னும் இழுத்து நீரை உள்ளே வாங்கி வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்தில் உள்ள மெல்லிய தகடுகள் நீரை வடித்து, பாசியையும் நுண்ணுயிர்களையும் சிறு கூனிகளையும் மட்டும் நிறுத்திக்கொள்கின்றன. அதன் இறகுக்கு இளஞ்சிவப்பு நிறத்தைத் தருவதும் அந்த உணவில் உள்ள நிறமிகளே. இத்தனையும் நடக்க வேண்டுமானால் காலுக்கு எட்டும் தூரத்தில் சேறு இருக்க வேண்டும், அந்தச் சேற்றில் உயிர் இருக்க வேண்டும். கருவால் மூக்கனின் முறை வேறு. நீண்ட நேரான அலகை முகம் வரை சேற்றுக்குள் செருகி, அலகின் முனையை மட்டும் மண்ணுக்குள்ளேயே திறந்து புழுவைப் பற்றும் திறன் அதற்கு உண்டு. கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. அலகின் நுனியில் உள்ள உணர்வாலேயே இரையைக் கண்டுகொள்கிறது. கெட்டியான களிமண்ணாகத் தோண்டிவிடப்பட்ட குழியின் அடியில் அதற்கு ஒன்றும் கிடைக்காது.

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, அதாவது கார்த்திகை மார்கழியில், சதுப்பு நிறைந்திருக்கும். தை மாதத்திலிருந்து அது படிப்படியாக வற்றத் தொடங்கும். இவ்வாறு வற்றுவது இந்த நிலத்தின் இயல்பு. நீர் ஒவ்வோர் அங்குலமாகப் பின்வாங்கும்போது ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சேறு வெளிப்படுகிறது. ஊருக்குத் திரும்பும் பயணத்துக்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய வலசைப் பறவைகளுக்கு அந்தச் சேறே உணவு. ஆர்க்டிக் பகுதியின் பனிவெளியில் கூடு கட்டும் கொசு உள்ளான் இங்கிருந்து புறப்படும்போது எவ்வளவு உண்டு புறப்படுகிறதோ, அதைப் பொறுத்தே அது போய்ச் சேர்வது அமையும். கோடையில் காய்ந்து வெடித்த மண்ணில் காற்றுப் படுகிறது, புல் முளைக்கிறது, அடுத்த மழையில் அந்தப் புல் மட்கிப் புழுக்களுக்கும் நத்தைகளுக்கும் உணவாகிறது. நிறைவதும் வற்றுவதும் ஆகிய இந்தச் சுழற்சி ஏற்கனவே பெரிதும் கெட்டுப்போயிருக்கிறது. சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்து ஆண்டு முழுவதும் வந்து சேரும் கழிவுநீரால் கோடையிலும் பல பகுதிகள் வற்றுவதில்லை. வற்றாத இடத்தில் ஆகாயத்தாமரையும் சம்பும் பரவி நீர்ப்பரப்பை மூடிவிடுகின்றன. இந்நிலையில் ஆழப்படுத்தவும் செய்தால், எந்தக் காலத்திலும் சேறு வெளிப்படாத ஒரு குட்டையே மிஞ்சும்.

ஆழப்படுத்தக் கோருபவர்களின் மனநிலையை நான் குறை கூறவில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, மின்சாரமும் குடிநீரும் இன்றி மாடியில் நாட்களைக் கழித்த மக்கள், நீர் எங்காவது போய்த் தேங்கட்டும் என்று நினைப்பது மிக இயற்கையானது. அவர்களுடைய அச்சத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே இதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சதுப்பு 1960-களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது என்று கூறப்படுகிறது. இன்று வனத் துறையின் பாதுகாப்பில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ 700 ஹெக்டேர். ஐயாயிரம் ஹெக்டேர் நிலத்தில் ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெள்ளம் பரவி நின்றால் அது ஒன்றரைக் கோடி கன மீட்டர், ஏறத்தாழ அரை டி.எம்.சி. அதே அளவு நீரை 700 ஹெக்டேரில் நிறுத்த வேண்டுமானால் நீர் இரண்டு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சாலைகளும் அலுவலகக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் குப்பை மேடும் எடுத்துக்கொண்ட பரப்பை ஆழத்தால் ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணம் இங்கேயே இடிக்கிறது. அன்று இந்த நிலம் வெள்ளத்தைத் தாங்கியது அதன் அகலத்தால்.

இதில் இன்னொரு பொறியியல் உண்மையும் அடங்கியிருக்கிறது. பொதுவெளியில் இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சதுப்பின் உபரி நீர் ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழி மூலம் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே முட்டுக்காட்டில் கோவளம் முகத்துவாரத்தின் வழியாகக் கடலில் சேர்கிறது. அந்த வெளியேறும் மட்டத்துக்குக் கீழே நாம் தோண்டும் எந்தப் பள்ளமும், ஆண்டு முழுவதும் வரும் கழிவுநீராலும் நிலத்தடி ஊற்றாலும் மழைக்கு முன்பே நிறைந்துவிடும். ஏற்கனவே நிறைந்திருக்கும் பள்ளம் பெருமழை நாளில் ஒரு குடம் நீரைக்கூடக் கூடுதலாக ஏற்காது. வெள்ளத்தை ஏற்பது வெளியேறும் மட்டத்துக்கு மேலே உள்ள வெற்றிடமே. அந்த வெற்றிடத்தைப் பெருக்க வேண்டுமானால் சதுப்பின் மீது கொட்டப்பட்ட கட்டடக் கழிவுகளையும் மண்மேடுகளையும் அகற்றிப் பழைய தரைமட்டத்தை மீட்க வேண்டும், சாலைகளுக்கு அடியில் உள்ள குறுகிய பாலங்களை அகலப்படுத்த வேண்டும், ஒக்கியம் மடுவையும் கால்வாயையும் ஆண்டுதோறும் தூர்வாரிச் சீராக வைத்திருக்க வேண்டும். பொக்லைன் இயந்திரங்களுக்கு அங்கே நிறையவே வேலை இருக்கிறது. பறவை மேயும் சேற்றில் அவற்றுக்கு வேலை இல்லை.

ஏரிகளைத் தூர்வாருவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சதுப்பும் ஒரு தூர்ந்த ஏரியாகத் தோன்றுவதே இந்தக் குழப்பத்தின் வேர் என்று நினைக்கிறேன். ஏரி என்பது கரை கட்டி, மதகு வைத்து, பாசனத்துக்காக நம் முன்னோர் அமைத்த நீர்த்தேக்கம். அதில் வண்டல் படிந்தால் கொள்ளளவு குறையும். குடிமராமத்து செய்து வண்டலை எடுத்து வயலுக்கு இடுவது நெடுங்கால மரபு. கழிவெளி என்னும் இந்தச் சதுப்பு அப்படிப்பட்டதன்று. அதற்குக் கரையும் இல்லை, மதகும் இல்லை. சுற்றியுள்ள ஏரிகளெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று நிரம்பி வழிந்து கடைசியில் வந்து பரவும் தாழ்நிலம் அது. பல நூற்றாண்டுகளாகப் படிந்த அந்தச் சேறே அதன் உடல். அதை வாரி டிப்பர் லாரிகளில் ஏற்றும்போது அதற்குள் உறங்கும் புல் விதைகளும், கோரைக் கிழங்குகளும், நத்தை முட்டைகளும், புழுக்களும் சேர்ந்தே போகின்றன. கடலுக்கு அருகில் இருக்கும் நிலத்தில் ஆழம் கூடக் கூட உவர்ப்பு மேலெழும் அபாயமும் உண்டு.

வேடந்தாங்கலை மேற்கோள் காட்டி, அங்கே ஏரி நிறைந்தால்தானே பறவை வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வேடந்தாங்கலுக்குப் பறவைகள் கூடு கட்ட வருகின்றன. நீரில் நிற்கும் கடப்ப மரங்களின் மீது கூடு கட்டினால் கீழே உள்ள நீர் அகழிபோல் காவல் காக்கும். ஆகவே அங்கே நீர் நிறைந்திருப்பது அவசியம். அந்த ஊர் மக்கள் 1798-ஆம் ஆண்டிலேயே அன்றைய மாவட்ட ஆட்சியரிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள் என்பது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனால் வேடந்தாங்கலின் நீர்மட்டத்தைப் பள்ளிக்கரணைக்குப் பொருத்திப் பார்ப்பது பொருந்தாது. பள்ளிக்கரணை முதன்மையாக ஒரு மேய்ச்சல் நிலம்.

தாவரங்களைப் பற்றியும் இங்கே கூறியாக வேண்டும். ஏனென்றால் ஆழப்படுத்தும் கோரிக்கையோடு சேர்ந்தே, எல்லாப் புதரையும் ஒட்டுமொத்தமாக வாரி எடுத்துச் சுத்தமான நீர்ப்பரப்பாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் வருகிறது. ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டும் என்பதில் ஐயமில்லை. சம்பும் கோரையும் வேறு கதை. நீலத் தாழைக்கோழி ஒரு சம்புத் தண்டை அலகால் முறித்து, ஒரு காலால் கையில் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, மேல்தோலை உரித்துவிட்டு உள்ளே உள்ள வெண்மையான குருத்தை மட்டும் தின்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அந்தப் புதரைக் குப்பை என்று சொல்ல மாட்டார்கள். அது அங்கேதான் கூடும் கட்டுகிறது. நீளவால் இலைக்கோழிக்கோ கூடு என்று தனியாக ஒன்று பெரிதாக இல்லை. மிதக்கும் இலைகளின் மேலேயே முட்டை கிடக்கும், ஆண் பறவையே அடைகாத்துக் குஞ்சுகளையும் வளர்க்கும். கோடை நெருங்கும்போது அதற்கு அந்த அழகிய நீண்ட வால் இறகு வளரத் தொடங்கும். அப்போது இனப்பெருக்கக் காலம் தொலைவில் இல்லை என்று பொருள். அந்தச் சமயத்தில் இயந்திரத்தை இறக்கி மிதவைத் தாவரங்களை மொத்தமாக வாரினால் ஒரு தலைமுறையே போய்விடும். ஆகவே எதை, எங்கே, எந்த மாதத்தில் எடுப்பது என்று திட்டமிட்டு, பகுதி பகுதியாக எடுக்க வேண்டும்.

ராஜஸ்தானில் பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் நடந்தது இதற்கு நல்ல பாடம். பறவைகளின் நன்மைக்காகவே 1982-இல் அங்கே கால்நடை மேய்ச்சல் முற்றிலுமாகத் தடை செய்யப்பட்டது. எருமைகள் மேய்வது நின்றதும் ஒருவகை நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து திறந்த நீர்ப்பரப்பை அடைத்துக்கொண்டது. நீர்ப்பறவைகளுக்கு அதனால் தீங்கே விளைந்தது என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு எடுத்துக்காட்டியது. பள்ளிக்கரணையின் விளிம்பில் இன்றும் சில எருமைகள் இறங்கி மேய்கின்றன. அவற்றை விரட்ட வேண்டும் என்று அழகுணர்ச்சியால் சிலர் கேட்கிறார்கள். அவை மேய்ந்து மிதித்த இடத்தில்தான் உள்ளான்கள் இறங்குகின்றன என்பதைச் சாலையோரத்தில் நின்றே யாரும் பார்க்கலாம். நல்ல நோக்கத்துடன் எடுக்கப்படும் முடிவும், அந்த நிலம் எப்படி இயங்குகிறது என்று அறியாமல் எடுக்கப்பட்டால், கெடுதலாகவே முடியும் என்பதை பரத்பூர் காட்டிவிட்டது.

சட்டப்படியும் நமக்கு ஒரு கடமை இருக்கிறது. 2007-இல் தமிழக அரசு பள்ளிக்கரணையின் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தது. பின்னர் மேலும் பரப்பு சேர்க்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில் இந்தியா 1982-இல் சேர்ந்தது. பட்டியலில் உள்ள ஒரு நிலத்தின் சூழலியல் தன்மையைக் காப்பதே அதன் சாரம். அந்தத் தன்மை மாறினாலோ மாறக் கூடும் என்றாலோ நாடு அதை உடன்படிக்கையின் செயலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆழம் குறைந்த சதுப்பை ஆழமான நீர்த்தேக்கமாக மாற்றுவதைக் காட்டிலும் பெரிய தன்மை மாற்றம் வேறென்ன இருக்க முடியும்? இந்த அங்கீகாரத்தைப் பெற்றுத் தந்த பெருமை அதிகாரிகளுக்கும் ஆர்வலர்களுக்கும் உரியது என்பதை மனமாரக் கூறுகிறேன். 2021-இல் திறக்கப்பட்ட சூழலியல் பூங்காவால், இதுவரை குப்பை மேட்டின் பெயரால் மட்டுமே இந்த இடத்தை அறிந்திருந்த பலர் முதன்முறையாக உள்ளே வந்து பறவை பார்க்கிறார்கள். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பை வளாகம் பற்றி எரிந்து நாட்கணக்கில் புகைந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே பழைய குப்பையைப் பிரித்தகற்றும் பணியால் மீளும் நிலம் எதற்கும் கட்டடம் எழாமல், மழைநீர் பரவும் வெளியாகவே சதுப்போடு மீண்டும் இணைய வேண்டும். வெள்ளத்துக்கு இடம் தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இனி, பறவைப் பதிவுகளைப் பற்றி. ஜனவரி மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடந்துவருகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கிடும் பழக்கமும் ஏற்பட்டிருக்கிறது. வனத் துறையும் ஆண்டுதோறும் தன்னார்வலர்களுடன் சேர்ந்து ஒருங்கிணைந்த கணக்கெடுப்பை நடத்துகிறது. அன்றாடம் வரும் ஆர்வலர்கள் தாம் பார்த்தவற்றை இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவேற்றுகிறார்கள். ஆக, என்ன பறவை வந்தது, எத்தனை வந்தது என்பதற்கு நம்மிடம் தரவு இருக்கிறது. அந்த நாளில் சதுப்பில் நீர் எவ்வளவு ஆழம் இருந்தது என்பது அந்தப் பதிவுகளோடு சேர்ந்து வருவதில்லை. பறவையின் எண்ணிக்கை ஓராண்டு கூடி மறு ஆண்டு குறையும்போது, நீர்மட்டம் தெரியாமல் அதன் காரணத்தை எவராலும் கூற இயலாது. பூநாரை அதிகம் வந்தால் சதுப்பு நலமாக இருக்கிறது என்று மகிழ்கிறோம், வராவிட்டால் அழிந்துவிட்டது என்று வருந்துகிறோம்; உண்மையில் அந்த ஆண்டு மழை மிகுதியாகப் பெய்து நீர் வடியாமல் நின்றிருக்கலாம், அல்லது மழை குறைந்து முன்னதாகவே காய்ந்திருக்கலாம். சாலையிலிருந்தே படிக்கும்படியாகச் சதுப்பின் சில இடங்களில் நீர்மட்டம் காட்டும் அளவுகோல்களை நட்டு, வாரம் ஒருமுறை அளவைப் பொதுமக்கள் பார்க்க வெளியிடுவது பெரிய செலவு பிடிக்கும் வேலை அன்று. தங்களைப் போன்ற நாளிதழ்கள் ஏரிகளின் நீர் இருப்பை நாள்தோறும் வெளியிடுகின்றன. பூண்டி, புழல், செம்பரம்பாக்கத்தோடு பள்ளிக்கரணையின் நீர்மட்டத்தையும் வாரம் ஒருமுறை வெளியிட்டால், பறவை பார்ப்பவர்களுக்கும் வெள்ளத்தை அஞ்சுபவர்களுக்கும் அது ஒருங்கே பயன்படும்.

பறவை பார்க்க வரும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நல்ல படத்துக்காகச் சேற்றில் இறங்கி அருகே போகாதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள். பங்குனியில் இங்கிருந்து புறப்பட வேண்டிய உள்ளான் ஒவ்வொரு முறை பதறி எழும்போதும் பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பைத்தான் செலவிடுகிறது. சாலையோரத்தில் நின்று பார்ப்பவர்கள் தின்பண்ட உறைகளை அங்கேயே வீசிவிட்டுப் போவதையும், தெருநாய்களுக்கு உணவு என்று சதுப்பின் ஓரத்தில் கொட்டுவதையும் தவிர்க்க வேண்டும். தரையில் கூடு கட்டும் ஆள்காட்டிக்கும் பவளக்காலிக்கும் நாய்களால் நேரும் இழப்பு மிக அதிகம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னேற்பாடாகச் செய்யப்படும் பணிகளுக்கான மதிப்பீடுகள் வழக்கமாகக் கோடையில்தான் தயாராகின்றன. ஆகவே இதைக் கேட்பதற்கு உரிய காலம் இதுவே. பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் இந்த ஆண்டு மேற்கொள்ள இருக்கும் ஒவ்வொரு பணியிலும் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்துக்கு மண் எடுக்கப்படும் என்பதை ஒப்பந்தப் புள்ளி கோருவதற்கு முன்பே வரைபடத்துடன் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும், சதுப்பின் இயற்கையான தரைமட்டத்துக்குக் கீழே தோண்டும் எந்தப் பணிக்கும் மாநில ஈரநில ஆணையத்தின் ஒப்புதல் பெறப்பட்டதா என்பதை அதில் குறிப்பிட வேண்டும் என்றும் வனத் துறையையும் நீர்வளத் துறையையும் மாநகராட்சியையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் செய்தியாளர்கள் அந்த மதிப்பீடுகளைக் கேட்டுப் பெற்று வெளியிட்டால், இப்பகுதி மக்கள் அவற்றைப் படித்துக் கருத்துச் சொல்ல ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
மேடவாக்கம், சென்னை.